விழுப்புரம் யார்டும் ஜெர்மன் பீரங்கியும்

எம்.ஏ. வரலாறு இரண்டாம் ஆண்டில் எல்லோரும் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதியாக வேண்டும். என்னோடு படித்தவர்கள் செஞ்சிக் கோட்டை, பல்லவர் குகைகள், ஜமீன்தாரி முறை என்று எடுத்துக்கொண்டார்கள். நான் எடுத்துக்கொண்டது, இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர்கள் தங்கள் விமான எதிர்ப்புப் பீரங்கிகளை எப்படி ஊர்விட்டு ஊர் கொண்டுபோனார்கள் என்பதை. இன்றும் இதைச் சொன்னால் ஆட்கள் என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுச் சிரிக்கிறார்கள். சிரிப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அதற்குப் பிறகு ‘உனக்கு எதுக்கு இது?’ என்று கேட்கிற தொனியில்தான் ஆட்சேபணை.

அப்பா திண்டிவனத்தில் நிலக்கடலை ஏலம் நடக்கும் கமிட்டியில் மூட்டை தூக்குகிறவர். எங்கள் காலனியில் பட்டம் வாங்கிய முதல் பெண் நான். தினமும் காலையில் சீசன் டிக்கெட்டோடு பாசஞ்சர் ஏறி விழுப்புரம் போய், கல்லூரி முடிந்து சாயங்கால வண்டியில் திரும்புவேன். எண்பதுகளின் பின்பாதி அது. அப்போது எல்லாம் மீட்டர் கேஜ் பாதைதான்.

கல்லூரி நூலகத்தின் கடைசி அலமாரியில் யாரோ தானமாகக் கொடுத்த ஆங்கிலப் புத்தகங்கள் கட்டுப் பிரிக்காமல் கிடந்தன. அதில் ஒன்றுக்கு அட்டை இல்லை. நடுவில் பிரித்தேன். ஒரு படம். மரங்கள் வரிசையாக நிற்கும் சாலையில் ஒரு வண்டி போகிறது. முன்னால் லாரிச் சக்கரம், பின்னால் டாங்கிக்கு இருப்பது போன்ற இரும்புச் சங்கிலி. அதன்மேல் பெஞ்சு பெஞ்சாகச் சிப்பாய்கள், கல்யாணத்துக்கு டிராக்டரில் போகிறவர்கள் மாதிரி நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். வண்டிக்குப் பின்னால் வானத்தைப் பார்த்துச் சுட வேண்டிய பீரங்கி ஒன்று, கழுத்தைத் தாழ்த்திக்கொண்டு இழுபட்டுப் போனது.

அன்று நான் சாயங்கால ரயிலைத் தவறவிட்டேன். நின்றுகொண்டே அந்த அத்தியாயத்தைப் படித்தேன், அதாவது படிக்க முயன்றேன். என் ஆங்கிலம் அப்போது அகராதியின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிற ஆங்கிலம். ஆனாலும் புரிந்தது. அந்தப் பீரங்கியின் அடிப்பாகம் கூட்டல் குறி போன்றது. பக்கவாட்டுக் கைகள் இரண்டையும் மேலே மடக்கிவிட்டு, முன்னும் பின்னும் சக்கரங்களை மாட்டினால் அது வண்டி. சக்கரங்களைக் கழற்றித் தரையில் இறக்கிக் கைகளை விரித்தால் அது பீரங்கி. ஆட்கள், குண்டுகள், கருவிகள் எல்லாம் இழுக்கும் வண்டியிலேயே வரும். இன்னும் பெரிய பீரங்கிகளைச் சரக்கு ரயிலின் திறந்த வேகன்களில் ஏற்றி, எந்த நகரத்தின்மேல் விமானங்கள் வருமோ அந்த நகரத்துக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள்.

கனமான ஒன்றை இங்கிருந்து அங்கே எப்படிக் கொண்டுபோவது என்பது எங்கள் வீட்டில் தினமும் பேசப்படும் சங்கதி. அப்பாவின் தோளும் முதுகும் அதைப் பற்றித்தான் ராத்திரி முழுக்க முனகும். அதனால்தான் எனக்கு அந்தப் படம் பிடித்துப்போனதா என்றால் சொல்லத் தெரியவில்லை. பிடித்துப்போனது, அவ்வளவுதான்.

துறைத்தலைவரிடம் தலைப்பைச் சொன்னேன். அவர் நல்ல மனிதர். கெட்ட மனிதராக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும்.

“இது வேணாம்மா” என்றார். “திண்டிவனம் பக்கம் மிஷன் பள்ளிக்கூடங்கள் வந்த கதைய எடு. உங்க ஆளுங்க எப்படிப் படிச்சு மேல வந்தாங்கன்னு எழுது. எல்லாம் கைக்கிட்ட இருக்கு. உங்க சர்ச்சுலயே பாதி பேர் கிடைப்பாங்க. உன்ன விட்டா அத யாரு எழுதுவா?”

“யாரு வேணா எழுதலாம் சார். நீங்க எழுதலாம்.”

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். நான் திமிராகச் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். பல்லவர் குகையை எடுத்துக்கொண்ட பையனிடம் ‘நீ பல்லவனா?’ என்று யாரும் கேட்கவில்லை. எனக்கு மட்டும் என் தெருவிலேயே விஷயம் இருக்கிறது என்று கையைக் காட்டினார்கள். என் தெருவை எனக்குத் தெரியும். தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்ளத்தானே அம்மா தன் கம்மலை விற்று என்னைப் படிக்கவைத்தாள்.

“ஜெர்மனி பீரங்கிக்கும் உனக்கும் என்னம்மா சம்பந்தம்?”

“ஒரு சம்பந்தமும் இல்ல சார். அதனாலதான் கேக்கறேன்.”

“நான் வேணாம்னுதான் சொல்வேன்” என்றார். எழுதக் கூடாது என்று அவர் சொல்லவில்லை. அந்தச் சிறிய இடைவெளியில் நான் புகுந்துகொண்டேன்.

பாசஞ்சரில் ஜன்னலோரம் உட்கார்ந்து, மடியில் அகராதியும் புத்தகமுமாகப் படித்தேன். முண்டியம்பாக்கம் வரும்போது சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் வெளியே வரிசை கட்டி நிற்கும். நான் தலையைத் தூக்கி அவற்றின் கொக்கியைப் பார்ப்பேன். கூட வரும் பள்ளிக்கூட டீச்சர்கள் எனக்கு ‘ஜெர்மன்காரி’ என்று பெயர் வைத்தார்கள்.

படிக்கப் படிக்க ஒன்று தெரிந்தது. போரின் தொடக்கத்தில் கம்பீரமாகச் சாலையில் போன அந்தப் பீரங்கிகள், போகப் போக நகர முடியாமல் ஆயின. பெட்ரோல் இல்லை. இழுக்கும் வண்டிகள் போதவில்லை. லாரிகளில் விறகு எரித்து அதன் வாயுவில் ஓட்டினார்கள். பல பீரங்கிகளைச் சக்கரமே இல்லாமல் செய்து சிமென்ட் தளத்தில் பொருத்திவிட்டார்கள். வானத்திலிருந்து வருகிறவனைச் சுட அது போதும். தரை வழியாக எதிரி வந்தபோது அவற்றை எடுத்துக்கொண்டு போக முடியவில்லை. உடைத்துவிட்டோ அப்படியே போட்டுவிட்டோ ஓடினார்கள்.

ஒரு விஷயம் மட்டும் பிடிபடவில்லை. ரயில் வேகனில் ஏற்றிய கனமான வண்டி, ரயில் குலுங்கும்போது எப்படி உருளாமல் நிற்கிறது? புத்தகம் அதை ஒரு வரியில் தாண்டிப் போய்விட்டது. நான் தாண்டவில்லை.

இலங்கைக்கு ராணுவம் போய்க்கொண்டிருந்த சமயம். ஒருநாள் மதியம் வகுப்பு இல்லாததால் சீக்கிரமே ஸ்டேஷனுக்கு வந்தேன். மேம்பாலத்தின் மேலிருந்து பார்த்தால் யார்டில் ஒரு ராணுவ ரயில் நிற்கிறது. திறந்த வேகன்களில் பச்சை லாரிகள், ஜீப்புகள், தார்ப்பாய் போர்த்திய ஏதோ ஒன்று. நான் பாலத்திலிருந்து இறங்கி, நடைமேடையின் கடைசிச் சரிவு வழியாகத் தண்டவாளங்களைத் தாண்டிப் போனேன். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டைகளை முட்டுக்கொடுத்து, அந்தக் கட்டைகள் நகராதபடி வேகன் தரையிலேயே ஆணி அடித்திருந்தார்கள். அச்சிலிருந்து நான்கு மூலைக்கும் கம்பியை முறுக்கிக் கட்டியிருந்தார்கள். எவ்வளவு எளிமை. நான் பையிலிருந்து தாளை எடுத்து வரையத் தொடங்கினேன்.

காவலுக்கு நின்ற சிப்பாய் இந்தியில் கத்தினான். நான் வரைந்து முடிப்பதற்குள் ரயில்வே போலீஸ் ஏட்டு ஓடிவந்துவிட்டார்.

அவுட்போஸ்டில் என்னை ஒரு பெஞ்சில் உட்காரவைத்தார்கள். பெண் போலீஸ் யாரும் இல்லை. சப்-இன்ஸ்பெக்டர் என் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எந்த ஊரு?”

“திண்டிவனம்.”

“சிலோனா?”

“திண்டிவனம் சார்.”

ஏட்டு குறுக்கே வந்தார். “பேச்சு நம்மூரு பேச்சாத்தான் கீது சார்.”

“மில்ட்டரி வண்டிய இன்னாத்துக்கு வரஞ்ச?”

“ஜெர்மனி பீரங்கிய எப்படி ரயில்ல ஏத்தனாங்கன்னு எழுதிக்கினு இருக்கேன் சார். கட்ட எப்படிக் குடுக்கறாங்கன்னு பாக்க வந்தேன்.”

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பொய் சொல்கிறவள் இதைவிட நம்பும்படியாக ஏதாவது சொல்லியிருப்பாள் என்று அவர்களுக்கும் தோன்றியிருக்க வேண்டும். சப்-இன்ஸ்பெக்டர் குரலைத் தணித்தார். “இத பாரும்மா. தெரியாம வந்துட்டேன், தப்புதான், மன்னிச்சிடுங்கன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்துட்டு ஜல்தியா கெளம்பு. எனக்கும் பேஜாரு இல்ல, உனக்கும் இல்ல.”

“தெரிஞ்சிதான் வந்தேன் சார்.”

“இன்னாது?”

“தண்டவாளத்தத் தாண்டனது தப்பு. அதுக்கு எழுதித் தர்றேன். பாத்தது தப்புன்னு எழுத மாட்டேன்.”

பயம் இல்லாமல் சொன்னேன் என்று பொய் சொல்லமாட்டேன். பயந்துகொண்டே சொன்னேன். ஆனால் அந்த ஒரு வரியை எழுதிவிட்டால் அந்தப் புத்தகத்தை மறுபடி திறக்க என் கை கூசும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

கல்லூரிக்கு ஆள் அனுப்பினார்கள். துறைத்தலைவர் சைக்கிள் ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. அவரைப் பார்த்ததும் முதல்முறையாக எனக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

“இந்தப் பொண்ணு உங்க ஸ்டூடண்ட்டா?”

“ஆமா.”

“பீரங்கி, ரயிலுன்னு இன்னான்னாமோ சொல்லுது. நீங்க குடுத்த தலைப்பா?”

அவர் கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைத்தார்.

“நான் குடுக்கல. வேணாம்னு சொன்னேன்” என்றார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “ஆனா தப்பான தலைப்புன்னு சொல்லல. என் டிபார்ட்மெண்ட்ல நடக்கற வேலதான் இது. நான் பொறுப்பு.”

அதற்குமேல் அவர்களுக்கும் என்னை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. தண்டவாளத்தைக் கடந்தேன், சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்திருப்பதைப் பார்த்தேன், வரைந்தேன் என்று நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். சப்-இன்ஸ்பெக்டர் படித்துவிட்டு, “போம்மா, நல்லா இரு” என்றார். படத்தைக் கேட்டேன். கொடுக்கவில்லை.

வெளியே வந்ததும் துறைத்தலைவர் என்னிடம், “ஒரு வரி மன்னிப்புன்னு எழுதியிருந்தா நான் வெயில்ல வந்திருக்க வேண்டாம்” என்றார். திட்டவில்லை. சொன்னார். நான் ‘சாரி சார்’ என்றேன். அவரிடம் மன்னிப்புக் கேட்க எனக்குக் கஷ்டமாக இல்லை.

நான் வீடு போய்ச் சேர்வதற்கு முன்பே செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. பாசஞ்சரில் வருகிற டீச்சர்களின் வேலையாக இருக்கும். பெரியப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

“டேசனுக்குப் போன பொண்ணுன்னு ஊரே பேசிக்கினு கீது. காலேஜி போதும். வூட்ல இருக்கட்டும்” என்றார் அப்பாவிடம்.

அப்பா எதுவும் சொல்லவில்லை. அது எனக்குப் பெரியப்பா பேசியதைவிட வலித்தது. அம்மா சோற்றைப் போட்டு என் பக்கம் தள்ளிவிட்டு உள்ளே போய்விட்டாள். மறுநாள் காலையில் நான் வழக்கம்போலக் குளித்து, பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். யாராவது தடுப்பார்கள் என்று ஒவ்வொரு அடியிலும் எதிர்பார்த்தேன். யாரும் தடுக்கவில்லை, யாரும் ‘போய்ட்டு வா’ என்றும் சொல்லவில்லை. வீட்டில் அந்த மௌனம் சில நாட்கள் நீடித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, போலீஸ் வைத்துக்கொண்ட படத்தை நினைவிலிருந்து மறுபடி வரைந்துகொண்டிருந்தேன். அப்பா வந்து பக்கத்தில் குந்தினார். வெகுநேரம் பார்த்தார்.

“இது எத்தன டன்னு பாப்பா?”

சொன்னேன்.

“குண்டு தனியா?”

“தனிதான்பா. இழுக்கற வண்டியில ஒரு பெட்டி மாதிரி இருக்கும்.”

“சரி, அந்தப் பெட்டிலேர்ந்து பீரங்கி வரிக்கும் யாரு தூக்கினு போவாங்க?”

எனக்குத் தெரியவில்லை. சக்கரம், கொக்கி, சங்கிலி, வேகன் என்று எல்லாம் படித்திருந்தேன். தூக்கியது யார் என்று நான் பார்க்கவே இல்லை. கேட்டுவிட்டு அப்பா எழுந்து போய்விட்டார். மௌனம் கலைந்ததே போதும் என்று அப்போது எனக்கு இருந்தது. ஆனால் கேள்வி போகவில்லை.

புத்தகத்தை முதலிலிருந்து திரும்பப் படித்தேன். பின்பக்கம் ஓர் இடத்தில், ஒரே ஒரு பத்தியில் இருந்தது. வயதுவந்த சிப்பாய்களைப் போர்முனைக்கு அனுப்பிவிட்டு, பள்ளிக்கூடப் பையன்களைப் பீரங்கிகளில் நிறுத்தினார்கள். இளம்பெண்கள் தேடுவிளக்குகளைத் திருப்பினார்கள். குண்டு சுமக்கப் பிடிபட்ட ரஷ்யக் கைதிகளை வைத்துக்கொண்டார்கள். தங்கள் தோழர்களின் விமானத்தைச் சுடும் குண்டைத் தாங்களே சுமந்தவர்கள். அவர்கள் பெயர் எதுவும் அந்தப் புத்தகத்தில் இல்லை. பீரங்கியின் ஒவ்வொரு மாதிரிக்கும் ஒரு எண்ணும் பெயரும் இருந்தன.

கட்டுரையில் கடைசி அத்தியாயம் ஒன்றைச் சேர்த்தேன். தலைப்பு: ‘சுமந்தவர்கள்’. அதற்கு மூலமாகக் காட்ட என்னிடம் இருந்தது அந்த ஒரே பத்திதான். அது போதாது என்றும், தேடினால் இன்னும் கிடைக்கும் என்றும் அத்தியாயத்திலேயே எழுதினேன்.

கட்டுரையை வாசித்துக் காட்டும் நாளில் துறை அறை கொள்ளவில்லை. போலீஸ் கதை பரவியிருந்ததால் மற்ற துறைகளிலிருந்தும் வந்து சுவரோரம் நின்றார்கள். நான் கரும்பலகையில் கூட்டல் குறியை வரைந்து, சக்கரங்களை வரைந்து, எப்படி இறக்கினார்கள், பிறகு ஏன் அவை நகர முடியாமல் போயின என்று சொன்னேன். ஆங்கிலம் இரண்டு மூன்று இடங்களில் தடுக்கியது. தடுக்கின இடத்தில் தமிழுக்கு மாறினேன்.

முடித்ததும் வணிகவியல் ஆசிரியர் ஒருவர் எழுந்தார். டீக்கடைகளில் அந்தக் காலத்தில் நிறையப் பேர் பேசிய பேச்சுதான். “நீ என்ன வேணா சொல்லும்மா, அப்போ ஜெர்மனிய ஆண்ட அந்த ஆள் மாதிரி ஒருத்தர் இந்த நாட்டுக்கு ஒரு அஞ்சு வருஷம் வந்தார்னா எல்லாம் சரியாப் போயிடும். என்ன ஒழுங்கு, என்ன மெஷின்.”

சிலர் தலையாட்டினார்கள்.

“வந்தா குண்டு தூக்க ஆள் வேணும் சார்” என்றேன். “உங்களப் புடிச்சிக்கினு போ மாட்டாங்க. எங்கப்பாவப் புடிச்சிக்கினு போவாங்க.”

அவர் உட்கார்ந்துவிட்டார். இன்னொருவர், இந்த ஆய்வால் நம் வட்டாரத்துக்கு என்ன பயன் என்று கேட்டார். டெல்லி சுல்தான்களைப் பற்றி எழுதியவரிடமும் இதைக் கேட்டீர்களா என்று நான் திருப்பிக் கேட்டேன். துறைத்தலைவர் குனிந்து எதையோ எழுதுவதுபோல இருந்தார். அவர் சிரித்தார் என்று என் தோழி சாதிக்கிறாள். நான் பார்க்கவில்லை.

பாஸ் மார்க்குக்குக் கொஞ்சம் மேலே கொடுத்தார்கள். ஆங்கிலம் போதாது என்று காரணம் சொன்னார்கள். அது நியாயம்தான். அதைச் சரிசெய்ய எனக்குச் சில வருஷங்கள் ஆயின, சரிசெய்தேன்.

அந்தக் கோடையில் கண்டாச்சிபுரம் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் பெண் பார்க்க வந்தது. பையன் பள்ளிக்கூட ஆசிரியர். யாராவது ஸ்டேஷன் விஷயத்தைக் கேட்டால், அது வேறு பெண், பெயர் குழப்பம் என்று சொல்லும்படி அம்மா என்னிடம் காலையிலிருந்து கெஞ்சிக்கொண்டிருந்தாள். பஜ்ஜி தட்டை வைத்துவிட்டு நான் நிமிர்வதற்குள் பையனின் அத்தை கேட்டுவிட்டார்.

“போலீஸ் டேசனுக்கெல்லாம் போயிருக்குதுன்னு சொல்றாங்களே, நெசமாம்மா?”

அம்மாவின் கை என் புடவை முந்தானையைப் பின்னாலிருந்து பிடித்தது.

“நெசம்தாங்க” என்றேன். “மில்ட்டரி ரயில்ல வண்டிய எப்படிக் கட்டறாங்கன்னு பாக்கப் போனேன். புடிச்சிக்கினாங்க. எங்க சார் வந்து கூட்டினு போனாரு.”

“அதெல்லாம் பொம்பளப் புள்ளைக்கு இன்னாத்துக்கு?”

“தெரிஞ்சிக்கத்தாங்க.”

பையன் ஏதோ கேட்க வாயெடுத்தார். என்ன கேட்க நினைத்தார் என்று எனக்குக் கடைசிவரை தெரியாது. அத்தை அவர் முழங்கையைத் தொட்டார், அவர் வாயை மூடிக்கொண்டார். பஜ்ஜி மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்று போனார்கள். சொல்லி அனுப்பவில்லை.

அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் தண்ணீர்க் குழாயடியில், பக்கத்து வீட்டுக்காரி என்னைப் பற்றி ஏதோ ஜாடையாகச் சொல்லியிருக்கிறாள். அம்மா குடத்தைக் கீழே வைத்துவிட்டு, “எம்பொண்ணு திருடிட்டுப் போலீசுக்குப் போவல. படிக்கறதுக்குப் போனா. அவ படிக்கறது இன்னான்னு உன்னால வாய்விட்டுச் சொல்லக்கூட முடியாது, வெலகு” என்றாளாம். அதை அம்மா என்னிடம் சொல்லவில்லை. குழாயடியில் இருந்தவர்கள் சொன்னார்கள். நான் உள்ளே போனபோது அவள் கேழ்வரகு மாவைச் சலித்துக்கொண்டிருந்தாள்.

“இன்னா பாத்துக்கினு நிக்கற? அந்தத் தண்ணிய எடுத்து உள்ள வை” என்றாள்.